தொட்டிக்கு முன்னால் துளியைப் பாருங்கள்

பெடாஸ், லிங்கி, ரெம்பாவ் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் வீட்டிலிருந்தபடியே சோப்பும் தலைக்கு எண்ணெயும் குளியல் பொடியும் முகக் கிரீமும் செய்து விற்கும் சகோதரிகளுக்கு,



உங்களில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "எந்த மிஷின் வாங்கலாம் அண்ணே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. அழகுப்பொருள் தொழிற்சாலை ஒன்றின் கலவைக் கூடத்தில் பல வருடம் நின்றவன் நான். அங்கே கற்றதில் வீட்டுத் தொழிலுக்கு உதவுவதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி இப்போது அடிக்கடி வருவதற்குக் காரணமும் தெரியும். தெக்குன் நேஷனலின் 'ஸ்புமி' கடன் இந்தியச் சிறுதொழில்காரர்களுக்கென்றே இருக்கிறது. 2024-இல் அமானா இக்தியார் இந்தியப் பெண்களுக்காக 'பெண்' என்ற பெயரிலேயே ஒரு கடன் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் கடன் கைக்கு வந்ததும் முதல் யோசனை மிஷின் பக்கம் போகிறது. ஷாப்பியைத் திறந்தால் பளபளக்கும் தொட்டிகள், கீழே ஐந்து நட்சத்திரங்கள். அந்த இடத்தில்தான் உங்களைக் கொஞ்சம் நிறுத்த விரும்புகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிஷினைக் கடைசியாக வாங்குங்கள், சிறியதாக வாங்குங்கள். பணத்தைத் தொட்டியின் அளவில் போடாமல், கலக்கும் தலையிலும் கழுவும் வசதியிலும் போடுங்கள்.

முதலில் நீங்கள் எதைச் செய்கிறீர்கள் என்று பார்ப்போம். அதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் போட்டுத் தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறவர்களுக்கு மிஷினே வேண்டாம். எண்ணெயோடு எண்ணெய் தானாகக் கலந்துவிடும். கனமான அடியுள்ள எவர்சில்வர் பாத்திரம், ஒரு வெப்பமானி, ஈரமில்லாத வடிதுணி, ஒரு கிராம் வரை காட்டும் தராசு போதும். மெழுகு உருக்கி உதட்டுக்குத் தைலம் செய்பவர்களுக்கும் இதே கதைதான். அடுப்பில் நேராக வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கினால் வேலை முடிந்தது. இந்த இரண்டை மட்டுமே செய்கிறவர் கலவை மிஷினுக்குக் கடன் வாங்கினால், அந்தப் பணம் நல்ல மூலப்பொருளுக்கும் நல்ல புட்டிக்கும் போகாமல் வீணாகிறது.

நலங்கு மாவு, குளியல் பொடி செய்கிறவர்கள் மிக்சியை நம்புகிறார்கள். மிக்சி அரைக்கும்; சீராகக் கலக்காது. ஒரு கிலோ பயத்தம் மாவில் இருபது கிராம் கஸ்தூரி மஞ்சளைக் கொட்டி ஒரு சுற்றுச் சுற்றினால், ஒரு பாக்கெட்டில் மஞ்சள் தூக்கலாகவும் இன்னொன்றில் பேருக்கும் இல்லாமலும் வரும். வழி எளிது. இருபது கிராம் மஞ்சளோடு இருபது கிராம் மாவு சேர்த்துக் கலக்குங்கள். அந்த நாற்பதோடு நாற்பது, எண்பதோடு எண்பது என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள். கடைசியில் மூடியுள்ள பெரிய டப்பாவில் பாதி மட்டும் நிரப்பி, புரட்டிப் புரட்டி உருட்டுங்கள். மேலே காலி இடம் இல்லாவிட்டால் பொடி புரளாது. பெரிய ஆலைகளில் சுழலும் உருளைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. மூக்குக்கு முகக்கவசம் மறக்க வேண்டாம்.

சோப்புக்கு வருவோம். காஸ்டிக் சோடாக் கரைசலையும் எண்ணெயையும் கையால் கிளறினால் கை சோர்ந்துவிடும். கைப்பிடி பிளெண்டர் வைத்தால் சில நிமிடங்களில் கெட்டிப்படத் தொடங்கும். இந்த வேலைக்கு அது போதும். கவனிக்க வேண்டியது அதன் உலோகம். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும், அரிக்கும்போது எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். வீட்டிலிருக்கும் அலுமினியச் சட்டி, அலுமினியக் கரண்டி எதையும் சோப்பு வேலைக்குத் தொடாதீர்கள். சில மலிவான பிளெண்டர்களில் கத்தியைச் சுற்றியுள்ள குடை அலுமினியத்தில் இருக்கும், வாங்குமுன் கேளுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அந்த அறைக்குள் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். சோப்புக்கு வைத்த பிளெண்டர் சோப்புக்கு மட்டுமே. நாளை அதில் சட்னி அரைக்கக் கூடாது.

கிரீமும் லோஷனும்தான் உண்மையில் மிஷினைக் கேட்கும் பொருள்கள். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

கிரீம் என்பது தண்ணீருக்குள் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக மிதக்கும் பால்மம். நம் வீட்டுப் பெரியவர்கள் வாழ்நாள் முழுவதும் கையில் ஏந்தியதும் அப்படி ஒன்றுதான். ரப்பர் பால் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துகள்கள். ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய உறை மூடியிருக்கிறது. உறையில் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக நிற்கின்றன. பால் ஸ்டோரில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றியதும் அந்த மின்னேற்றம் போய்விடும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும், பால் உறைந்து கட்டியாகும். ஆசிட் ஊற்றாமல் வெயிலில் விட்டாலும் கிருமி பெருகி, அதுவே புளிக்கச் செய்து, பால் தானாக உறையும். அதைத் தடுக்கத்தான் அமோனியா ஊற்றினார்கள்.

இந்தச் சிறிய பாடத்தில் கிரீம் தொழிலின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. துளிகளைச் சிறிதாக உடைக்க வேண்டும். அது மிஷினின் வேலை. உடைந்த துளிகள் திரும்ப ஒட்டாமல் உறை போட வேண்டும். அது எமல்சிஃபையர் என்ற பொருளின் வேலை. கிருமி பெருகாமல் காக்க வேண்டும். அது பிரிசர்வேட்டிவின் வேலை. இரண்டாவதும் மூன்றாவதும் சரியில்லை என்றால் எத்தனை ஆயிரம் வெள்ளி மிஷினும் உங்களைக் காப்பாற்றாது. கிரீம் ஒரு வாரத்தில் பிரிவதற்குப் பதில் ஒரு மாதத்தில் பிரியும், அவ்வளவுதான். அந்த ஒரு மாதத்துக்குள் அது வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

எமல்சிஃபையர் மெழுகை எண்ணி மலைக்க வேண்டாம். செட்டைல் ஆல்கஹால், கிளிசரைல் ஸ்டியரேட் போன்ற பல பொருள்களைச் செம்பனையிலிருந்தே எடுக்கலாம். மலேசியா அவற்றை உலகுக்கே ஏற்றுமதி செய்கிறது. பாங்கியில் தலைமையகம் வைத்திருக்கும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தில் ஒலியோகெமிக்கல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, அழகுப்பொருள் ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது. நம் லயத்துக்கு வெளியே குலை தள்ளி நிற்கும் மரம் உங்கள் கிரீமுக்குள்ளும் இருக்கிறது.

இனி மிஷின். துளி எவ்வளவு சிறிதாக வேண்டும்? நல்ல கிரீமில் பெரும்பாலான துளிகள் ஒன்றிலிருந்து பத்து மைக்ரானுக்குள் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எண்ணெய்த் துளி தண்ணீரில் மேலே ஏறும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 மைக்ரான் துளியை 2 மைக்ரானாக்கினால் அது மேலே வரும் வேகம் 25-இல் ஒரு பங்காகக் குறைகிறது. ஹோமோஜினைசர் என்ற கருவிக்கு ஆயிரக்கணக்கில் விலை கொடுப்பது இந்தக் கணக்குக்காகத்தான்.

ஹோமோஜினைசரின் தலையை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உள்ளே வேகமாகச் சுழலும் பல். அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் துளையிட்ட கூடு. இரண்டுக்கும் நடுவே மிகக் குறுகிய இடைவெளி. கலவை அந்த இடைவெளிக்குள் இழுக்கப்பட்டுத் துளைகள் வழியாகப் பீறிடும்போது துளி நொறுங்குகிறது. மேலிருந்து தண்டு இறங்கி, அடியில் விசிறி சுழலும் கலக்கியில் இந்தக் கூடு கிடையாது. அது பாத்திரத்தில் உள்ளதை மேலும் கீழும் புரட்டும். துளியை அவ்வளவாக உடைக்காது. இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை. கடைக்காரர் இரண்டையும் 'மிக்சர்' என்றே சொல்லி விற்பார்.

சுழற்சி எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பார்க்க வேண்டியது பல்லின் நுனி எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதை. விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி, ஒரு விநாடிக்கு எத்தனை சுற்று என்பதாலும் பெருக்கினால் நுனி வேகம் வரும். 3 செ.மீ. விட்டமுள்ள தலை நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுற்றினால், விநாடிக்குக் கிட்டத்தட்ட 16 மீட்டர். 10 செ.மீ. விசிறி 600 சுற்றுச் சுற்றினால் சுமார் 3 மீட்டர்தான். பின்னாளில் 6 செ.மீ. தலையுள்ள பெரிய மிஷினுக்கு மாறினால், பழைய வேகம் கிடைக்க 5,000 சுற்றே போதும். சிறிய மிஷினில் அழகாக வந்த கிரீம் பெரிய மிஷினில் கெட்டுப்போகிறது என்று அழுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் பார்க்காதவர்கள். கூடவே ஆறும் நேரமும் மாறும். 500 கிராம் கிரீம் சீக்கிரம் ஆறிவிடும். 10 கிலோ மணிக்கணக்கில் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

ஜெர்மனியின் இகா, இங்கிலாந்தின் சில்வர்சன் போன்ற நிறுவனங்களின் ஆய்வுக்கூட ஹோமோஜினைசர்கள் சிறந்தவை. இகாவுக்கு மலேசியாவிலும் நிறுவனம் உண்டு, உதிரிப் பாகம் கிடைப்பது எளிது. ஆனால் விலை பெரும்பாலும் ஐந்து இலக்கத்தில் வந்து நிற்கும். மாதம் நூறு டப்பா விற்கிறவருக்கு அது நியாயமான செலவாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் எதில் தொடங்குவது? அரைக் கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரையான கிரீமுக்கு எவர்சில்வர்த் தண்டுள்ள, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய நல்ல கைப்பிடி பிளெண்டர் நேர்மையான முதல் கருவி. ஹோமோஜினைசர் அளவுக்குத் துளி சிறிதாகாது. நல்ல எமல்சிஃபையர் இருந்தால் விற்கத் தகுந்த கிரீம் வரும். நீரையும் எண்ணெயையும் தனித்தனியாக 70 முதல் 75 பாகை வரை சூடாக்குங்கள். சேர்த்து ஊற்றி, பிளெண்டரின் குடையைச் சாய்த்து உள்ளே தேங்கிய காற்றை வெளியேற்றிவிட்டு, முழுக்க மூழ்கிய நிலையில் ஓட்டுங்கள். இரண்டு மூன்று நிமிடம், விட்டு விட்டு. பிறகு பிளெண்டரை எடுத்துவிட்டு, சிலிக்கான் கரண்டியால் ஓரத்தை வழித்து வழித்து மெதுவாகக் கிளறி ஆறவிடுங்கள். 40 பாகைக்குக் கீழே வந்ததும் வாசனையும், சூடு தாங்காத பிரிசர்வேட்டிவும் சேர்க்கலாம். ஆறும் கிரீமை வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் காற்று புகும். இன்று பஞ்சு போல உயர்ந்திருக்கும் டப்பா அடுத்த மாதம் கால்வாசி இறங்கிப்போகும்.

அந்த பிளெண்டரின் அடியில் ஒட்டிய வில்லையையும் படியுங்கள். 'கேபி' என்ற எழுத்துகளும் பக்கத்தில் நிமிடக் கணக்கும் இருந்தால், அவ்வளவு நேரம்தான் அது தொடர்ந்து ஓடலாம் என்று அர்த்தம். ஒரு நிமிடம் என்று போட்டிருப்பதைப் பத்து நிமிடம் ஓட்டினால் மோட்டார் கருகும். சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கற்றாழை ஜெல் செய்கிறவர்கள் பிளெண்டரை மறந்துவிடுங்கள். கார்போமர் போன்ற ஜெல் பொருளை அதிவேகத்தில் வெட்டினால் அதன் நீண்ட இழைகள் அறுந்து ஜெல் தளர்ந்துவிடும், காற்றுக் குமிழும் வெளியேறாது. அதற்கு மேலிருந்து தண்டு இறங்கும் மெதுவான கலக்கிதான் ஏற்றது. காந்தக் குச்சி சுழலும் சிறிய கலக்கி, ரோஸ் வாட்டர் போன்ற தண்ணீரான பொருளுக்கு மட்டும். கெட்டிக் கிரீமில் குச்சி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். கேக் செய்யும் ஸ்டாண்ட் மிக்சர் உங்களில் சிலரிடம் இருக்கும். உடலுக்குப் பூசும் பட்டர் வகைகளை நுரைக்க அடிக்க அது அருமை. கிரீமில் துளியை உடைக்க உதவாது. எந்தக் கலக்கியானாலும் தலைமுடியைக் கட்டி, துப்பட்டாவை எடுத்துவிட்டுப் பக்கத்தில் போங்கள்.

ஷாப்பியில் பளபளக்கும் தொட்டிகளைப் பற்றி முதலில் சொன்னேன் அல்லவா. 50 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட தொட்டியில் கலக்கும் தலை மூழ்க, பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்காவது நிரப்ப வேண்டியிருக்கும். சுமார் 15 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் டப்பாவில் அது 300 டப்பா. ஒரே நாளில் 300 டப்பா செய்து, அடுத்த மூன்று மாதம் பசார் மாலாமில் விற்றுக்கொண்டிருப்பதா? அந்த ஒரு கலவையில் கிருமி புகுந்தால் 300-ஐயும் கொட்ட வேண்டும். 2 கிலோ கலவை என்றால் 40 டப்பா, போனாலும் தாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று, அந்தத் தொட்டிகளில் பல மும்முனை மின்சாரம் கேட்கும். தாமான் வீடுகளில் சாதாரணமாக இருப்பது ஒருமுனை இணைப்பு. மிஷின் வந்து இறங்கிய பிறகு வயரிங்காரரைக் கூப்பிடும் நிலை வேண்டாம். விற்பவரிடம் கேளுங்கள்: 'குறைந்தபட்சம் எத்தனை கிராமில் இது ஓடும்?' அதிகபட்சத்தை அவரே பெருமையாகச் சொல்லிவிடுவார்.

கழுவும் விஷயத்தில் நான் கண்டிப்பானவன், மன்னித்துக்கொள்ளுங்கள். கிரீமில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் இருக்கும் இடத்தில் உயிர் இருக்கும். ஆசியான் விதிகள் சாதாரண அழகுப்பொருளில் ஒரு கிராமுக்கு 1,000 கிருமிக்கு மேல் இருக்கக் கூடாது என்கின்றன. கண்ணருகே பூசுவதற்கும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் 500. நோய் தரும் சில கிருமிகள் அறவே கூடாது. பிளெண்டரின் தண்டும் குடையும் சேரும் இடுக்கில் போன வாரக் கிரீம் கொஞ்சம் காய்ந்திருந்தால், இந்த எண்ணிக்கை எங்கேயோ போய்விடும். அதனால் கடையில் நின்றே கேளுங்கள். தலை முழுதாகக் கழலுமா? என் கையாலேயே கழற்ற முடியுமா? ரப்பர் வளையம் எண்ணெயில் ஊதிப்போகாத வகையா? மாற்று வளையம் இங்கே கிடைக்குமா? கலவையைத் தொடும் உலோகம் 304 ரகமாவது இருக்க வேண்டும்; உப்போ அமிலமோ கூடுதலாகச் சேர்ப்பவர்கள் 316 தேடலாம். வேலை முடிந்ததும் துடைத்து, வெந்நீரும் சோப்பும் கொண்டு எண்ணெய்ப்பசை போகத் தேய்த்து, அலசி, முழுக்கக் காயவைத்து, 70 விழுக்காட்டு ஆல்கஹால் தெளித்து, மூடி வையுங்கள். எண்ணெய்ப்பசையின் மேல் ஆல்கஹால் தெளிப்பது எதற்கும் உதவாது.

சட்டமும் இந்தச் சுத்தத்தைக் கேட்கிறது. 1984-ஆம் ஆண்டு மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி, விற்பனைக்கு வருமுன் ஒவ்வொரு பொருளையும் என்பிஆர்ஏ என்ற தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவித்து, 'நொட்' என்று தொடங்கும் எண்ணைப் பெற வேண்டும். செய்யும் இடமும் முறையும் நல்லுற்பத்தி விதிகளுக்குள் இருக்க வேண்டும். மீறினால் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்று வருடம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பாதரசம் கலந்த முகக் கிரீம்களின் பெயர்களைச் சுகாதார அமைச்சு அடிக்கடி வெளியிட்டு வரும் இந்த நாட்டில், சுத்தமாகச் செய்கிறவருக்கு அந்த எண்தான் மரியாதை. விதிகளுக்கு ஏற்ற இடம் வீட்டில் அமையாது என்று தெரிந்தால், உங்கள் செய்முறையை எழுதி அனுமதியுள்ள ஒப்பந்தத் தொழிற்சாலையிடம் கொடுத்துச் செய்வதும் கௌரவமான வழிதான். அப்போது நீங்கள் வாங்க வேண்டியது மாதிரி செய்து பார்க்க ஒரு பிளெண்டர் மட்டும்.

கடைசியாக ஒரு யோசனை. ஒவ்வொருவரும் தனித்தனியாக மலிவு ஹோமோஜினைசர் வாங்குவதற்குப் பதில், ஐந்தாறு பேர் சேர்ந்து, விதிகளுக்கு ஏற்ப ஒரே ஓர் அறையைத் தயார் செய்து, நல்லதாக ஒன்று வாங்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். யார், என்றைக்கு, எதைக் கலக்கினார், எத்தனை நிமிடம், எந்தச் சூட்டில், யார் கழுவினார் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். நாளை யாராவது தோல் அரிக்கிறது என்று வந்தால் அந்த நோட்டு பதில் சொல்லும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இப்போது செய்யும் கிரீமில் மூன்று டப்பாவைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள். ஒன்று அலமாரியில், ஒன்று குளிர்பெட்டியில், ஒன்று வீட்டிலேயே வெக்கை அதிகமான இடத்தில். மூன்று மாதம் திறக்காமல் வெளியிலிருந்தே பார்த்து, பிரிகிறதா, நிறம் மாறுகிறதா என்று குறித்து வாருங்கள். மிஷின் எதுவென்று முடிவு செய்ய என்னைக் கூப்பிடும்போது அந்த மூன்று டப்பாவையும் கொண்டு வாருங்கள். அவற்றைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நான் பேசுவேன்.

அன்புடன்,
சிரம்பானிலிருந்து உங்கள் அண்ணன்